தசைகளைத் தளர்த்தும் நோய்: உடலின் காவல் செல்கள் தடம் மாறுவது எப்படி?

காலையில் எழும்போது முகம் தெளிவாக இருக்கிறது. லுஹர் நேரம் தாண்டியதும் ஒரு கண்ணின் இமை தாழத் தொடங்குகிறது. அஸருக்குப் பின் எதிரே வருகிற ஒருவர் இருவராகத் தெரிகிறார். இரவுச் சாப்பாட்டில் நான்கு வாய் மென்றதும் தாடை ஓய்ந்துபோகிறது. படுத்து உறங்கி எழுந்தால் மறுநாள் காலை எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றுகிறது. மாலையில் மறுபடியும் அதே தளர்ச்சி.

இப்படிச் சொல்பவரைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள்? தூக்கம் போதவில்லை என்பார்கள். வேலைக்குச் சோம்பல் என்பார்கள். கண்ணேறு பட்டுவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. மாலையில் சோர்ந்து விழுபவர் காலையில் நன்றாக நடமாடுவதால், அவர் நடிக்கிறார் என்றே சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் காலையில் நன்றாக இருப்பதும் மாலையில் தளர்வதும்தான் இந்த நோயின் முக்கியமான அடையாளம். இதன் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். கடுமையான தசைத் தளர்ச்சி என்பது இதன் பொருள்.

உலக அளவில் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 150 முதல் 250 பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெண்களில் பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பும், ஆண்களில் 60 வயதுக்குப் பின்பும் அதிகம் தோன்றுகிறது. பாதிப்பேருக்கு மேல் முதல் அறிகுறி கண்ணில்தான் தெரியும். இது தொற்றுநோய் அல்ல. தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாகக் கடத்தப்படும் பரம்பரை நோயும் அல்ல. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு செல்கள், நம் உடலின் ஒரு பகுதியையே எதிரியாக எண்ணித் தாக்குவதால் வருகிறது. அந்தச் செல்கள் எவை, எங்கே தடம் மாறுகின்றன, மருந்துகள் அவற்றை எப்படித் தடுக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், நோயாளியைக் குறை சொல்வது நிற்கும். சிகிச்சையைப் பாதியில் விடுவதும் நிற்கும்.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

கையைத் தூக்க நினைக்கிறோம். மூளையின் கட்டளை மின் அலையாக நரம்பு வழியே வருகிறது. நரம்பின் முனைக்கும் தசைக்கும் இடையில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்று இருக்கிறது. மின் அலை அதைத் தாண்டுவதில்லை. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சிறு சிறு பொட்டலங்களாக வெளியிடுகிறது. தசையின் மேற்பரப்பில் அதற்கென ஏற்பிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. பூட்டில் சாவி பொருந்துவது போல அசிட்டைல்கோலின் அந்த ஏற்பிகளில் பொருந்தியதும் தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்து, அடுத்த கட்டளைக்கு இடத்தைத் தயார் செய்கிறது.

தொடர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வொரு முறையும் வெளியாகும் அசிட்டைல்கோலினின் அளவு சற்றுச் சற்றாகக் குறையும். இது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் ஆரோக்கியமானவரின் தசையில் தேவைக்கு மேல் ஏற்பிகள் இருப்பதால் அந்தக் குறைவு வெளியே தெரியாது. இந்த நோயாளியின் தசையில் பல ஏற்பிகள் அழிந்துவிட்டன. ஆகவே முதல் சில அசைவுகள் நன்றாக நடக்கின்றன. பிறகு தசை கட்டளையைக் 'கேட்க' முடியாமல் போகிறது. ஓய்வெடுத்தால் நரம்பு முனை மறுபடி நிரம்புகிறது, தசையும் மீள்கிறது. காலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் இதுவே. நாள் முழுவதும் ஓயாமல் வேலை செய்யும் இமையும் கண்ணை அசைக்கும் தசைகளும் முதலில் தளர்வதில் வியப்பில்லை.

பாம்பின் நஞ்சும் மீனின் மின்சாரமும்

இந்நோயை ஒத்த தளர்ச்சியை ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். 1934இல் லண்டனின் கிரீனிச் பகுதி மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர், இது குராரே என்னும் அம்பு நஞ்சின் விளைவைப் போலவே இருப்பதைக் கவனித்தார். அந்த நஞ்சுக்கு மாற்றாக அறியப்பட்டிருந்த ஃபைசோஸ்டிக்மின் மருந்தை நோயாளிக்குச் செலுத்தினார். தாழ்ந்திருந்த இமை உயர்ந்தது. கோளாறு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் என்பதை அது காட்டியது. ஆனால் கோளாறுக்கு யார் காரணம் என்பது அப்போதும் தெரியவில்லை.

1960இல் ஜான் சிம்ப்சன் என்ற மருத்துவர், நோயாளியின் சொந்த எதிர்ப்பு சக்தியே தசையைத் தாக்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார். அதை நிரூபிக்க ஏற்பிகளைப் பிரித்தெடுக்கவும் எண்ணவும் வழி வேண்டியிருந்தது. தைவானில் வாழும் கட்டுவிரியன் இனப் பாம்பின் நஞ்சு அந்த வழியைத் திறந்தது. அந்த நஞ்சிலுள்ள ஒரு புரதம் அசிட்டைல்கோலின் ஏற்பியைத் தேடிப் பிடித்து இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்க் கட்டுவிரியனும் இதன் உறவினம்தான். அது கடித்தவருக்கு முதலில் இமை தாழ்வதை நம் கிராமத்துப் பெரியவர்கள் அறிவார்கள்.

1973இல் ஜிம் பாட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் என்ற இரு ஆய்வாளர்கள், மின்விலாங்கு மீனின் உறுப்பிலிருந்து ஏற்பிப் புரதத்தைப் பிரித்து முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயல்களின் உடல் அந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்கியது. அவை முயல்களின் சொந்தத் தசைகளையும் தாக்கின. முயல்கள் தளர்ந்து விழுந்தன. அதே ஆண்டில் வேறொரு குழு, நோயாளிகளின் தசைகளில் ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருப்பதைப் பாம்பு நஞ்சின் துணையோடு கண்டறிந்தது. 1975இல் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளைச் செலுத்தியபோது எலிகளுக்கும் அதே கோளாறு வந்தது.

இதற்கு இயற்கையே தரும் சான்றும் உண்டு. இந்நோயுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 10 முதல் 20 சதவீதத்தினருக்கு, பிறந்த சில நாட்களில் பால் உறிஞ்சத் தெம்பில்லாத தளர்ச்சி ஏற்படுகிறது. தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்ததுதான் காரணம். சில வாரங்களில் அவை கரைந்துபோக, குழந்தை நலமடைகிறது. ஏனெனில் அந்த ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் செல்கள் தாயிடம்தான் இருக்கின்றன, குழந்தையிடம் இல்லை.

தைமஸ் என்னும் பள்ளிக்கூடம்

அந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே தைமஸ் என்னும் உறுப்பு இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, பருவ வயதுக்குப் பின் படிப்படியாகச் சுருங்கிக் கொழுப்பாக மாறும். இது எதற்காக என்பதே 1961 வரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அந்த ஆண்டில்தான் ஜாக் மில்லர் என்பவர் இதன் பணியைக் கண்டறிந்தார். டி செல்கள் என்னும் காவல் செல்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் இது.

இந்தப் பள்ளியின் தேர்வு கடுமையானது. உடலின் பல்வேறு புரதங்களின் மாதிரிகள் இளம் டி செல்களுக்குக் காட்டப்படும். சொந்தப் புரதத்தைக் கண்டு பாய்கிற செல் அங்கேயே அழிக்கப்படும். எதையும் அடையாளம் காணத் தெரியாத செல்லும் மடியும். நூற்றுக்குச் சுமார் 95 செல்கள் இத்தேர்வில் தேறுவதில்லை. தேறியவை மட்டுமே இரத்தத்தில் கலந்து ஊரெங்கும் காவலுக்குப் போகின்றன.

அப்படியும் ஒரு சில தவறானவை தப்பி வந்துவிடும். அவற்றை அடக்கிவைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்னும் தனிப் பிரிவு இருக்கிறது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை அடையாளம் காட்டினார். இத்துறைக் கண்டுபிடிப்புகளுக்காக அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மயஸ்தீனியா நோயாளிகள் பலரிடம் இந்தப் பள்ளிக்கூடமே கோளாறாகியிருக்கிறது. இளம் வயதில் நோய் தொடங்கியவர்களில் பெரும்பாலோரின் தைமஸ் சுருங்காமல் பருத்திருக்கும். நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதத்தினருக்கு அங்கே தைமோமா என்னும் கட்டி இருக்கும். தைமஸுக்குள் தசையை ஒத்த சில செல்கள் உள்ளன. அவற்றிலும் அசிட்டைல்கோலின் ஏற்பி உண்டு. தவறான பாடம் இங்கிருந்தே தொடங்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நோயாளிகளின் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் தம் வேலையைச் சரிவரச் செய்வதில்லை என்பதும் தெரியவந்துள்ளது.

தாக்குதல் நடக்கும் முறை

இதில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. முதலில், தடம் மாறிய உதவி டி செல் ஏற்பிப் புரதத்தை எதிரி என்று அடையாளம் காட்டுகிறது. அந்தச் செய்தியைப் பெறும் பி செல் பெருகத் தொடங்குகிறது. பருத்த தைமஸுக்குள்ளேயே பி செல்கள் கூட்டமாகப் பெருகும் மையங்கள் உருவாகியிருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். அந்த பி செல்களில் சில பிளாஸ்மா செல்களாக முதிர்கின்றன. இவை ஆன்டிபாடி தயாரிக்கும் தொழிற்சாலைகள். சில பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் தங்கி ஆண்டுக்கணக்கில் உற்பத்தியைத் தொடரும்.

கவனிக்க வேண்டிய செய்தி இது: இந்நோயில் செல்கள் நேராகச் சென்று தசையைக் கடிப்பதில்லை. தொலைவில் இருந்துகொண்டு ஆன்டிபாடி என்னும் ஆயுதத்தை அனுப்புகின்றன. அந்த ஆயுதம் மூன்று விதமாகச் சேதம் செய்கிறது. அசிட்டைல்கோலின் பொருந்த வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்து ஏற்பிகளை இணைத்து, தசை அவற்றை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும்படி செய்கிறது. மூன்றாவதாக, காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்களை அழைத்து, தசையின் மேற்பரப்பில் துளையிடச் செய்கிறது. இந்த மூன்றாவது வகைச் சேதம் மிகப் பெரியது.

உடல் முழுவதும் தளர்ச்சி உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினரின் இரத்தப் பரிசோதனையில் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி தெரியும். சிலருக்கு மஸ்க் என்னும் வேறொரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். இது 2001இல் கண்டறியப்பட்டது. எது இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையும் மாறும்.

நரம்பு, தசை தொடர்பான எல்லா நோய்களிலும் தாக்குவது ஒரே செல் அல்ல. 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் புனேயில் பலரைப் பாதித்த கில்லன் பாரே நோய்க்குறியைச் செய்திகளில் படித்திருப்போம். அதில் கிருமித் தொற்றுக்குப் பின் உருவாகும் ஆன்டிபாடிகளோடு, மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் நரம்பையும் அதன் உறையையும் நேரடியாகச் சேதப்படுத்துகின்றன. கால்களில் தொடங்கி மேல்நோக்கி ஏறும் தளர்ச்சி அதன் வழக்கமான அடையாளம். சில தசை அழற்சி நோய்களில் கொல்லும் டி செல்கள் தசை நாருக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. ஆகவே, ஒருவருக்குக் கேட்ட மருந்து மற்றவருக்கும் கேட்கும் என்று எண்ணிப் பக்கத்து வீட்டாரின் மருந்துச் சீட்டைப் பின்பற்றுவது ஆபத்து.

எந்த மருந்து எங்கே வேலை செய்கிறது?

மருத்துவர் முதலில் எழுதித் தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. மிச்சமுள்ள ஏற்பிகளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் தெம்பு வரும். மூன்று நான்கு மணி நேரத்தில் குறையும். ஆனால் இம்மாத்திரை எந்தக் காவல் செல்லையும் தொடுவதில்லை. அறிகுறியைத் தணிக்கிறதே தவிர, தாக்குதலை நிறுத்தவில்லை.

தாக்குதலைக் குறைப்பவை பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளும், அசாத்தியோபிரின் போன்ற மருந்துகளும். இவை டி, பி செல்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன. பலன் தெரிய ஸ்டீராய்டுக்கு வாரங்களும் அசாத்தியோபிரினுக்குப் பல மாதங்களும் ஆகும். அதிக அளவில் ஸ்டீராய்டு தொடங்கும்போது முதல் ஓரிரு வாரங்களில் தளர்ச்சி கூடவும் செய்யலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று குடும்பத்தினர் முடிவெடுத்து நிறுத்திவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி மருந்து பி செல்களை அழிக்கிறது. மஸ்க் வகை நோயில் இது நன்றாகப் பலன் தருகிறது. ஆனால் முதிர்ந்த பிளாஸ்மா செல்களின் மேல் இந்த மருந்து பிடிக்கும் அடையாளம் இல்லாததால் அவை தப்பிவிடுகின்றன. காம்ப்ளிமென்ட் துளையிடுவதைத் தடுக்கும் எகுலிசுமாப் 2017இலும், ஆன்டிபாடிகளை விரைவாக உடலிலிருந்து அகற்றும் எஃப்கார்டிஜிமாட் 2021இலும் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றன. இவை விலை மிக அதிகமானவை. நெருக்கடி நேரத்தில் இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து ஆன்டிபாடியை நீக்குவதும், இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதும் நம் பெரிய மருத்துவமனைகளில் நடைமுறையில் உள்ளன.

பள்ளிக்கூடத்தையே அகற்றுவதும் ஒரு வழி. தைமோமா கட்டி இருந்தால் அறுவை சிகிச்சை தேவை. கட்டி இல்லாதவர்களுக்கும் பயன் உண்டா என்பதை அறிய, 126 நோயாளிகளிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. தைமஸை அகற்றியவர்கள் மூன்று ஆண்டுகளில் குறைந்த ஸ்டீராய்டோடு நல்ல தெம்பைப் பெற்றிருந்தார்கள். அதில் பங்கேற்றவர்கள் ஏற்பி ஆன்டிபாடி உள்ளவர்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது. நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

குடும்பத்தார் அறிய வேண்டியவை

மாலையில் இமை தாழ்வது, இரட்டைப் பார்வை, பேசப் பேசக் குரல் மூக்கால் வருவது, குடித்த தண்ணீர் மூக்கில் ஏறுவது, தலைவாரக் கையைத் தூக்க முடியாமல் போவது ஆகியவை தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவோம். இரத்தத்தில் ஆன்டிபாடிப் பரிசோதனை, நரம்பைத் தொடர்ந்து தூண்டிப் பார்க்கும் சோதனை, நெஞ்சுப் பகுதி சி.டி. ஸ்கேன் ஆகியவற்றால் நோயை உறுதி செய்யலாம்.

விழுங்க முடியாமை, இரும வலுவின்மை, படுத்தால் மூச்சுத் திணறல், ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாமை ஆகியவை அவசர அறிகுறிகள். காலை வரை காத்திருக்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். நோயாளிகளில் 15 முதல் 20 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்நிலையை அடைகிறார்கள். உரிய நேரத்தில் செயற்கைச் சுவாசம் கிடைத்தால் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள்.

காய்ச்சல், இருமலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில மருந்துகள் இந்நோயைக் கூட்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை, அசித்ரோமைசின் வகை, ஜென்டாமைசின் ஊசி, சில இரத்த அழுத்த மாத்திரைகள், நரம்பு வழியே ஏற்றும் மெக்னீசியம் ஆகியவை அவற்றில் அடங்கும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். அதைத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்; சில மருந்துகள் கருவைப் பாதிக்கும்.

ரமளான் வரும்போது நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுண்டு. மூன்று நான்கு மணி நேரமே தாங்கும் மாத்திரையை வைத்துக்கொண்டு பதின்மூன்று, பதினான்கு மணி நேர நோன்பு நோற்க முடியுமா? நோயாளிக்கான சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாக வழங்கியுள்ளன. பிறகு களாச் செய்யும் உடல்நிலை வருமா, அல்லது ஃபித்யா கொடுப்பதா என்பதை மருத்துவரின் கருத்தைக் கேட்டு ஆலிம்களிடம் விளக்கம் பெறலாம். மருந்தை விட்டு நோன்பு நோற்று மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்வதை மார்க்கம் கேட்கவில்லை. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம். தொழுகையில் அவர் எழ முடியாமல் தடுமாறினால், அது அவருடைய ஈமானின் அளவுகோல் அல்ல. அவருடைய தசையில் உள்ள ஏற்பிகளின் அளவுகோல்.

ஒரு காலத்தில் இந்நோய் வந்தவர்களில் பலர் மூச்சு நின்று இறந்தார்கள். இன்று முறையான சிகிச்சையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறார்கள், திருமணம் செய்து பிள்ளைகளை வளர்க்கிறார்கள். வீட்டில் ஒருவர் மாலையில் மட்டும் தளர்கிறார் என்றால், அவரது இமையை ஒரு வாரம் காலையும் மாலையும் படம் எடுத்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில் தெளிவாகத் தெரியும் முகத்தை மட்டுமே பார்க்கும் மருத்துவருக்கு, அந்தப் படங்கள் பாதி நோயைச் சொல்லிவிடும்.